52 வயது காருக்கு 43 என்று காட்டிய தேதி

தாத்தா ஏற்காட்டுத் தோட்டத்தில் ஓட்டிய ஃபியட் 1100. விண்டேஜ் வாகனமாகப் பதிந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் 2024-ல் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் விண்ணப்பித்தேன். 2021 விதிப்படி 50 வயது தாண்டியிருக்க வேண்டும். வண்டி 1972 மாடல், ஆனாலும் வயது போதாது என்று திரும்பி வந்தது.

தயாரிப்பு ஆண்டு உள்ள பழைய இன்சூரன்ஸ் தாள்களை இணைத்தேன், பயனில்லை. அப்புறம் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணில் பிழையோ என்று பெயின்ட்டைச் சுரண்டி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். எண் சரியாகவே இருந்தது. இதிலேயே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

அஸ்தம்பட்டியில் பழைய கார் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான், "தம்பி, ஆர்.சி. புத்தகத்தோட முதல் பக்கம் எங்க?" என்று கேட்டார். அது அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. இட்லிப் பானை ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தேன். மங்கிய நீல மையில் மைசூர் மாநில (இன்றைய கர்நாடகம்) எண், பக்கத்தில் 1972 தேதி. 1981-ல் சேலத்துக்குக் கொண்டுவந்தபோது தாத்தா தமிழ்நாட்டு எண் வாங்கியிருக்கிறார். கணினியில் ஏறியிருந்தது அந்த 1981 தேதி. விதி பார்ப்பதோ தயாரிப்பு ஆண்டை அல்ல, முதல் பதிவுத் தேதியை.

மூலப் புத்தகத்தோடு நேரில் போய்த் தேதியைத் திருத்தக் கேட்டு மனு கொடுத்தேன். திருத்தம் ஏறியதும் மறுபடி விண்ணப்பித்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பெரிய நிம்மதி.