இலக்குக்கும் வேட்டைக்கும் ஒரே துவக்கா?

இலக்குச் சுட்டுப் பழகவும் வேட்டைக்கும் சேர்த்து ஒரே செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) துவக்கு வாங்கலாமா என்று கனடாவிலிருந்து மச்சான் கேட்டதும், ஹட்டனில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியைக் கிண்டிப் போடும் காட்டுப்பன்றிதான் நினைவுக்கு வந்தது. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கைத் தொட முடியாது. அங்கேயும் சட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2020 மே மாதத்தில் ஏறத்தாழ 1,500 துவக்கு மாதிரிகளை அங்கே தடை செய்தார்கள்.

அடுத்தது, எதைச் சுடப்போகிறீர்கள்? சின்னத் தோட்டா போடும் .22 துவக்கு என்றால் தோட்டா மலிவு, உதைப்பும் குறைவு. நாள் முழுக்க இலக்கில் பழகலாம், முயலுக்கும் போதும். மானுக்கு வேண்டவே வேண்டாம். காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு? மானுக்குப் பெரிய தோட்டா போடும் .308 போன்றது வேண்டும். செலவும் தோள்வலியும் கூடும்.

செமி ஆட்டோமேட்டிக் எல்லாத் தோட்டாவையும் ஒரே மாதிரி ஏற்றாது. மூன்று நான்கு வகை வாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். சிக்காமல் ஏறி, நெருக்கமாக விழுவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் மறக்கவேண்டாம்: மகசீனை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றினாலும் துவக்குக்குள்ளே ஒரு தோட்டா நிற்கலாம். முதலில் மகசீனைக் கழற்றி, பிறகு போல்ட்டை (தோட்டா நிற்கும் இடத்தை மூடும் பாகத்தை) இழுத்துப் பிடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே துவக்கைக் கீழே வையுங்கள்.