கல்லடிப் பாலமும் மூன்று லேப்டொப்பும்: டவர் இல்லாத வலையமைப்பில் நம்பகமான பாதை

டவரும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம், கருவிக்குக் கருவி செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோவதுதான் அட்-ஹொக் வலையமைப்பு. 1978 புயலையும் 2004 சுனாமியையும் கண்ட மட்டக்களப்பில் இதைப் பழகி வைப்பது வீண்போகாது. புதிதாக வருகிறவர்கள் வழியில் எத்தனை தாவல் (ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குப் போகும் ஒவ்வொரு கட்டமும் ஒரு தாவல்) என்று மட்டும் பார்ப்பார்கள். அது போதாது, ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் கருவி. லினக்ஸ் போட்ட மூன்று லேப்டொப் அல்லது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி எடுங்கள் (சாதாரண அன்ட்ரொய்ட் போன் சரிவராது, அட்-ஹொக் முறையை அது திறந்து விடாது). மூன்றிலும் ஒரே வலைப்பெயர், ஒரே சேனல், ஐபி முகவரி மட்டும் வேறு வேறு. இணைப்புகளைத் தானாகக் கவனிக்கும் நெட்வொர்க் மனேஜர் மென்பொருளை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது இடையில் புகுந்து தெரிந்த வைஃபை ஏதாவதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு மட்டக்களப்பு வாவியின் மேல் உள்ள கல்லடிப் பழைய பாலத்துக்குப் போய், நகரப் பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், கல்லடிப் பக்கம் ஒருவர் என்று ஓரமாக நில்லுங்கள்.

இனி அளவெடுப்பது, இதில்தான் கவனம் வேண்டும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு அளக்காதீர்கள். ஒருவருக்கு என்று அனுப்பும் பக்கெட் (தரவின் சிறு பொதி) தொலைந்தால் வைஃபை அட்டையே சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பும், அதனால் உண்மையான இழப்பு உங்கள் கண்ணில் படாது. எல்லோருக்கும் பொதுவாகப் போகும் புரோட்காஸ்ட் பக்கெட்டுக்கு அந்த மறு அனுப்பல் கிடையாது. ஆகவே ஒரு சின்ன பைதன் நிரலில் வினாடிக்கு ஒன்றாக 100 புரோட்காஸ்ட் அனுப்பி, மற்ற இருவருக்கும் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். மூவரும் முறைவைத்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் போகும் திசையும் வரும் திசையும் ஒரே மாதிரி இருக்காது.

கரைக்குக் கரை நேரே ஒரு திசையில் 50, மறு திசையில் 40 வந்தது என்று வையுங்கள். பக்கெட்டும் போக வேண்டும், கிடைத்தது என்ற பதிலும் திரும்ப வேண்டும், அதனால் இரண்டையும் பெருக்குங்கள்: 0.5 × 0.4 = 0.2, ஒன்றை அதால் வகுத்தால் 5. அதாவது ஒரு பக்கெட் ஒழுங்காகப் போய்ச்சேர, சராசரியாக ஐந்து முறை அனுப்ப வேண்டும். நடு ஆள் வழியாக, ஒவ்வொரு துண்டிலும் இரு திசையும் 90 என்றால், துண்டுக்கு 1.23, இரண்டும் சேர்ந்து 2.5க்குக் கொஞ்சம் குறைவு. தாவல் கூடினாலும் இதுதான் நல்ல பாதை! 2003இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஈடிஎக்ஸ் அளவுகோல் இதுவே.

ஏஓடிவி என்ற பாதை தேடும் நெறிமுறை தாவலைத்தான் எண்ணும், அதனால் அந்த நோஞ்சான் நேர்வழியிலேயே போய் விழக்கூடும். எனவே தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பேட்மேன் (B.A.T.M.A.N.) என்ற இன்னொரு பாதை தேடும் நெறிமுறை: இணைப்பின் தரத்தைப் பார்க்கும், 2011 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிலேயே இருக்கிறது. அதன் நான்காம் வகையைப் போட்டு ஒரிஜினேட்டர் அட்டவணையை (மற்றக் கருவிகளின் பட்டியல்) திறந்தால், 255க்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வழிக்கும் தரம் தெரியும்.

சரி, இப்போது நடு ஆளை நடக்கச் சொல்லுங்கள். அட்டவணை எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். மெதுவாக இருந்தால், ஒவ்வொரு கருவியும் 'நான் இருக்கிறேன்' என்று வினாடிக்கு ஒன்றாக அனுப்பும் அறிவிப்பை அரை வினாடிக்கு ஒன்றாக்கலாம். மூன்று கருவிக்கு அது பிரச்சினை இல்லை. முப்பது கருவி என்றால் அறிவிப்புகளே காற்றை அடைத்துக்கொள்ளும், அப்போது கை வைக்காதீர்கள்.