4கே காணொளியிலிருந்து நிழற்படம் எடுக்க

அடோபி பிரீமியர் புரோ என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் 4கே காட்சியை 1920×1080 அளவுள்ள சீக்வென்ஸில் (கிளிப்புகளை அடுக்கும் வரிசையில்) வைத்துத் தொகுக்கும்போது, அதிலிருந்து நிழற்படம் வேண்டுமென்றால், தொகுத்த காட்சியைக் காட்டும் புரோகிராம் மானிட்டர் சாளரத்தில் எடுக்காமல், மூலக் கிளிப்பை, தொகுக்காத காட்சியைக் காட்டும் சோர்ஸ் மானிட்டர் சாளரத்தில் திறந்து, அங்குள்ள கேமரா பொத்தானை அழுத்தி, பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். புரோகிராம் மானிட்டர் சீக்வென்ஸின் அளவிலேயே, அதாவது ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்களில் படத்தைத் தரும். சோர்ஸ் மானிட்டரோ கிளிப்பின் முழு அளவான 3840×2160-இல், நான்கு மடங்கு பிக்சல்களுடன் தரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில், முதலாவது 6.4 அங்குல அகலத்துக்கு மட்டுமே போதும், இரண்டாவது 12.8 அங்குலம் வரை தாங்கும். சுவரொட்டிக்கோ அட்டைப்படத்துக்கோ இந்த வேறுபாடு மிகப் பெரியது.

டைம்லைனில் (சீக்வென்ஸைத் தொகுக்கும் பகுதியில்) செய்த நிறத்திருத்தமும் எழுத்துகளும் படத்தில் இடம்பெற வேண்டுமானால் இவ்வழி உதவாது. அப்போது புரோகிராம் மானிட்டரே சரி. விநாடிக்கு 25 பிரேம் (தனிப்படம்) வீதம், 1/50 விநாடி ஷட்டரில் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்) பதிவான ஓட்டமும் ஆட்டமும் எந்த அளவில் எடுத்தாலும் மங்கலாகவே இருக்கும் என்பதால், அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கையோ முகமோ ஒரு கணம் நிலைகொள்ளும் பிரேமைத் தேர்ந்தெடுங்கள்.