கையில் துடிக்கும் வைஃபை: பட்டை கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள குட்டிக் கணினி போர்டு ஒன்று, செல்போனுக்குள் இருப்பது போன்ற குட்டி வைப்ரேஷன் மோட்டார், ஒரு பேட்டரி. இவ்வளவும் இருந்தால், சிக்னலுக்கு ஏற்றபடி துடிக்கும் ஒரு பட்டையைக் கட்டி, கண்ணுக்குத் தெரியாத வைஃபையை மணிக்கட்டில் உணரலாம். 2014-இல் ஃபிராங்க் ஸ்வைன் என்பவர் தன் காது கேட்கும் கருவி வழியாக வைஃபையை ஒலியாகவே கேட்டபடி லண்டன் தெருக்களில் நடந்தார். நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் பட்டைகளில் சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மோட்டாரை நேராக போர்டின் பின்னில் (pin, இணைப்புக் கம்பி) மாட்டாதீர்கள். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். இல்லையென்றால் போர்டு போய்விடும்.

சிக்னல் கூடக் கூட மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதுதான் பெரிய தவறு. சிக்னலின் சக்தியை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்: ரௌட்டர் பக்கத்தில் சுமார் -30 டிபிஎம், அறுந்துபோகும் இடத்தில் -90. ஒவ்வொரு 10 குறையும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. இத்தனை பெரிய வித்தியாசத்தை வேகத்தை வைத்துத் தோலால் பிரித்தறிய முடியாது. விடாமல் துடித்தால், வாட்ச் பட்டையை மறப்பதுபோல அதையும் தோல் மறந்துவிடும். அதனால் குட்டிக் குட்டித் தட்டுகளாகக் கொடுங்கள். -80-க்குக் கீழே மௌனம், மேலே போகப்போக தட்டுக்குத் தட்டு இடைவெளி குறையட்டும்.

அடுத்தது, நம் உடம்பையே மறந்துவிடுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும்; நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். ரௌட்டர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் துடிப்பு குறையும். மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், ரௌட்டர் எந்தத் திசையில் என்றுகூடப் பிடிபடும். குலசேகரம் பக்கம் மழை நனைத்த ரப்பர் தோட்டத்திலும் இதே கதைதான், ஈர இலைகள் அலையை உறிஞ்சும். அலையின் நீளம் 12.5 செ.மீ. மட்டுமே என்பதால் கையைக் கொஞ்சம் நகர்த்தினாலே எண் தாவும். நாலைந்து அளவுகளின் சராசரியை எடுங்கள்.

அப்புறம், வண்டியில் போகும்போது சோதிப்பது. வைஃபை பல சேனல்களில், அதாவது அலைவரிசைகளில், ஓடுகிறது; போர்டு எல்லாச் சேனலையும் தேட ஒன்றிரண்டு நொடி ஆகும். வடசேரியில் ஒரு கடையின் சிக்னலைக் கை உணர்வதற்குள் கடையைத் தாண்டியிருப்பீர்கள். போர்டை ஒரே சேனலைக் கேட்கச் சொல்லுங்கள், நடந்து போங்கள்.

"அண்ணா, இங்க இவ்வளவு துடிக்குதே, ஆபத்தா?" என்று கேட்கிறார்கள். -30 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையில் துடிப்பது மோட்டார், அலை அல்ல. சாதாரண ஈஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அளக்கும். செல்போன் டவரின் அடியில் நின்றாலும் அந்த டவருக்காக அது துடிக்காது. முட்டத்தில் கடலுக்குப் போகிறவர்களிடம் இதைக் கொடுத்து, கரையின் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பார்க்கச் சொல்லாதீர்கள்.

பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத லித்தியம் பேட்டரியை ஒருநாளும் தோலோடு ஒட்டிக் கட்டாதீர்கள். வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே போகாதபடி பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஸ்டீல் டப்பா வேண்டாம், அது ஆன்டெனாவையே அடைத்துவிடும்.