ஹார்ப்பைப் பிடித்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவுக்குள் நுழைவது எப்படி?

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கேட்க ஆசைதான், ஆனால் எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது எது எந்த வாத்தியம் என்றே பிடிபடவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாத்தியப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

யூடியூபில் 'வால்ட்ஸ் ஆஃப் தி ஃபிளவர்ஸ்' என்று தேடுங்கள். 1892-இல் அரங்கேறிய 'நட்கிராக்கர்' பாலே நடனத்துக்காக ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி எழுதியது, ஏறக்குறைய ஏழு நிமிடம். மேடை தெரியும் வீடியோவாக இருக்கட்டும். ஹெட்ஃபோன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி பாதி காணாமல் போய்விடும்.

முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு ஹார்ப்பை (நிறுத்திவைத்து விரலால் மீட்டும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் கேளுங்கள். தொடக்கத்திலேயே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அது தனியாக மேலும் கீழும் ஓடும். மீட்டிய ஒலி எழுந்த உடனே தேயத் தொடங்கிவிடும், வயலின் வில்லைப்போல் இழுத்துப் பிடிக்க வழியில்லை. அதனால்தான் ஹார்ப்புக்கு எழுதுகிறவர்கள் சுரங்களை அடுக்கடுக்காக உதிர விடுகிறார்கள்.

அடுத்த முறை கண்ணைத் திறந்து, முடிந்தால் வாசிப்பவரின் காலைப் பாருங்கள். தந்திகள் 47, ஆனால் ஸ்தாயிக்கு ஏழுதான், கீபோர்டின் கறுப்புக் கட்டைகளுக்கு இங்கே இடமே இல்லை. அந்த வேலையைச் செய்பவை கீழே இருக்கும் ஏழு பெடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, ஒரு படி மாற்றினால் அந்தப் பெயருள்ள தந்திகள் எல்லா ஸ்தாயியிலும் அரைச்சுரம் நகரும். வாத்தியத் தயாரிப்பாளர் எரார்ட் 1810-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இத்தனை தந்திகளுக்கு நடுவே வழி தெரிய 'சி' சுரத்தின் தந்திகள் சிவப்பு, 'எஃப்' சுரத்தின் தந்திகள் கறுப்பு. கைகளில் சுண்டுவிரலுக்கு மட்டும் வேலை கிடையாது. (நம் பழைய யாழும் இதே குடும்பம்தான், பெடல்தான் இல்லை.)

சரி, மூன்றாவது முறை. வால்ட்ஸ் என்பது மூன்று மூன்றாக எண்ணும் நடன இசை. ஒன்று-இரண்டு-மூன்று என்று விரலால் தட்டிக்கொண்டே, ஹார்ப் ஓய்ந்ததும் யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். நான்கு ஹார்ன்கள் (வளைந்து சுருண்ட பித்தளை ஊதுவாத்தியம்) மெட்டை எடுக்கும், கிளாரினெட் சுருண்டு சுருண்டு பதில் சொல்லும், அப்புறம் வயலின்கள். நடுப்பகுதியில் ஃபுளூட்டும் ஓபோவும் சேர்ந்து வரும். ஓபோவும் நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதுவதுதான், அந்த லேசான மூக்கொலியை வைத்துப் பிடித்துவிடலாம். அதையடுத்து வரும் கனத்த, கொஞ்சம் சோகமான மெட்டு, வயலினைவிடப் பெரிய, தணிந்த குரலுள்ள வயோலாவும் செல்லோவும் வாசிப்பது. எனக்கு இந்த வால்ட்ஸிலேயே பிடித்த இடம் அதுதான்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து முழங்கும்போது ஹார்ப் காதில் விழவில்லை என்றால் குறை உங்கள் காதில் இல்லை. அதை நிதானமாகக் கேட்க மொட்சார்ட் 1778-இல் பாரிஸில் எழுதிய ஃபுளூட்-ஹார்ப் கன்செர்ட்டோ (அந்த இரண்டு வாத்தியங்களும் முன்னே நிற்க, ஆர்கெஸ்ட்ரா துணை வாசிக்கும் உருப்படி) இருக்கிறது, நடுவில் வரும் மெதுவான பகுதியில் தொடங்குங்கள். நேரில் கச்சேரிக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அரைமணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் மேடையில், 47 தந்திகளுக்கும் சுருதி சேர்த்துக்கொண்டு ஹார்ப்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார்.