முதுகெலும்பு டிபி: படம் எடுத்தும் நோய் தவறிப்போவது எங்கே?

எலும்பு டிபியில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. வலி என்று வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவது சகஜம். தாதுச்சத்து 30 சதவீதத்துக்கு மேல் கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும்; அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். வாரக்கணக்கில் விடாத வலி, மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் வழி. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் சமாதானமல்ல. பலருக்கு நுரையீரலில் தடயமே இருக்காது.

செலவை மிச்சம் பிடிக்க, வலிக்கிற பகுதியை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். நடுவில் நல்ல எலும்புகளை விட்டுவிட்டுத் தொலைவில் இன்னொரு இடத்திலும் நோய் இருக்கலாம். முழு முதுகெலும்புக்கும் பக்கவாட்டில் ஸ்டிர் படங்களாவது (கொழுப்பை மங்கவைத்து, நீர் கோத்த இடத்தைப் பளிச்சென்று காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) வேண்டும். கீழ் முதுகு என்றால் முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகும் சோவாஸ் தசையும் படத்துக்குள் வரட்டும். சீழ் அதன் வழியாகத் தொடைவரை இறங்கும்.

படத்தைப் படிக்கும்போது ஏமாற்றுவது டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை. "டிஸ்க் கெட்டால் தொற்று, கெடாவிட்டால் புற்றுநோய்" என்ற சூத்திரம் இங்கே காலை வாரும். புரதம் கரைக்கும் நொதிகள் டிபி கிருமியிடம் இல்லாததால் டிஸ்க் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே அதைச் சுற்றிலும் பாருங்கள். முன்புறத் தசைநாருக்கு அடியில் பல எலும்புகளைத் தாண்டிப் பரவிய சீழ், கான்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சிடவைக்கும் மருந்து) ஏற்றியதும் மெல்லிய சீரான சுவரோடு தெரியும் சீழ்க்கட்டி ஆகியவை டிபி பக்கம் சாய்பவை. மற்ற பாக்டீரியாச் சீழில் சுவர் தடித்துக் கரடுமுரடாக இருக்கும். கட்டிக்குள் சுண்ணாம்புத் துகள் உண்டா என்று சி.டி. சொல்லும், இருந்தால் சந்தேகம் டிபி மேல் வலுக்கிறது.

இவ்வளவு பொருந்தினாலும் திசு வேண்டும். கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸும் பரவிய புற்றுநோயும் இதே வேஷம் போடும். மருந்துக்கு அடங்காத டிபியா என்பதைப் படம் காட்டவே காட்டாது. சி.டி. பார்த்து ஊசியால் எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) வழியில்லை. ஒரு பகுதி ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, மற்றது சலைனில் (உப்புநீரில்) சிபிநாட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும். எலும்பில் கிருமிகள் குறைவு என்பதால் சிபிநாட் நெகட்டிவ் என்றதும் கோப்பை மூடிவிடக் கூடாது.

மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் எம்.ஆர்.ஐ. மோசமானதுபோலவே தெரியலாம். படத்தை மட்டும் வைத்து மருந்தை மாற்றாதீர்கள்; வலி, எடை, ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்படிப் போகின்றன என்று பாருங்கள். டி1 படத்தில் (கொழுப்பு வெளிச்சமாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வகை) எலும்பு மஜ்ஜை மறுபடி வெளிச்சமானால் கொழுப்பு திரும்புகிறது, எலும்பு ஆறுகிறது. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.