மழைக்காலத்தில் நுரைக்காத இஞ்சி பீர்

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் வீட்டில் போடும் இஞ்சி பீர், மழை தொடங்கியதும் நுரைப்பதை நிறுத்திவிட்டது. தோல் சீவாத இஞ்சி, சர்க்கரை, கிணற்றுத் தண்ணீர், எல்லாம் வழக்கம்போலத்தான். ஜாடியில் ஒரு குமிழிகூட இல்லை.

காரணம் தண்ணீர். மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவோம். நோய் பரவாமலிருக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் இஞ்சித் தோலிலுள்ள காட்டு ஈஸ்டையும் அந்தக் குளோரின் ஒடுக்கிவிடும். ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்தால்தான் நுரையும் அந்த இளம்புளிப்பும் வரும். இங்கிலாந்தில் இஞ்சி பீர் உறையில் இப்படியொரு கூட்டுவாழ்வு இருப்பதை 1892-இல் விளக்கியவர் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட். இலங்கையில் காப்பி இலைத்துரு நோயை ஆராய்ந்தவரும் அவரேதான்!

குளோரின் போவதற்காகத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அகலப் பாத்திரத்தில் இரவு முழுக்க ஆறவிட்டேன். அப்புறம் புது இஞ்சியைத் தோலோடு நறுக்கிப் போட்டு, தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறினேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டினால் போதும். சில நாளில் ஜாடி சீற ஆரம்பித்தது.

வடிகட்டி, இஞ்சிச் சாறும் சர்க்கரையும் கலந்து பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள், கண்ணாடி வெடிக்கலாம். பாட்டில் விறைத்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே விட்டால் ஆல்கஹால் கூடிக்கொண்டே போகும், அதனால் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை.